நாய் சாகக் கூடாது: துப்பறியும் கதையில் மோப்பமும் துக்கமும்

1

ஆங்கிலத்தில் 'கோஸி' என்றொரு ரகத் துப்பறியும் நாவல் உண்டு. தேநீர்க் கெண்டி ஆறிப்போகாமலிருக்க அதன்மேல் கவிழ்க்கும் துணியுறைக்கும் அதே பெயர்தான். சின்ன ஊர், ஒருவரையொருவர் அறிந்த மனிதர்கள், கம்பளத்தை அதிகம் நனைக்காத ஒரு கொலை, போலீசாரை முந்திக்கொண்டு விடை கண்டுபிடிக்கும் ஒரு சாதாரண ஆள் (பெரும்பாலும் பெண்), அவள் காலடியில் ஒரு நாய். இவ்வகை நாவல்களை வருஷக்கணக்காக விடாமல் வாசித்து வருகிறவர்களிடையே எழுதப்படாத சட்டம் ஒன்று இருக்கிறது. கதையில் எத்தனை மனிதர்கள் வேண்டுமானாலும் சாகலாம். நாய் சாகக் கூடாது. சட்டத்தை மீறுகிற எழுத்தாளர்மேல் வாசகர்களுக்குக் கோபம் வருகிறது. அடுத்த புத்தகத்தை வாங்காமல் விடுகிறார்கள். நாய் கடைசிவரை உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும் யாரிடமாவது விசாரித்துத் தெரிந்துகொண்டு பிறகு புத்தகத்தைத் திறப்பவர்களும் உண்டு. கொலையாளி யார் என்று முன்கூட்டிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். நாய் பிழைத்துவிடும் என்று முன்கூட்டிச் சொன்னால் நன்றி சொல்வார்கள்.

கேட்டதும் சிரிப்பு வரும். மனுஷன் செத்தால் பொழுதுபோக்கு, நாய் செத்தால் அக்கிரமமாக்கும்! மத்தியதர வர்க்கத்தின் செல்லம் கொடுக்கும் மனோபாவம் என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம். தள்ளியும் இருக்கிறார்கள். துப்பறியும் கதை வாசகரைப் பற்றி விமர்சகர்கள் எழுதியவற்றில் பாதிக்குமேல் இப்படித் தள்ளிவிடுவதன் வரலாறுதான். கியூ.டி. லீவிஸ் 1932இல் 'ஃபிக்ஷன் அண்ட் த ரீடிங் பப்ளிக்' என்ற நூலில் இவ்வகை வாசிப்பைப் போதைப் பழக்கத்தோடு சேர்த்துப் பேசினார். தலைப்பிலேயே வாசகரைத் தாங்கிய அந்த நூலுக்காக அவர் கேள்வித்தாள் அனுப்பியது எழுத்தாளர்களுக்கு. எட்மண்ட் வில்சன் 1944 அக்டோபரில் 'நியூயார்க்கர்' இதழில், மக்கள் ஏன்தான் துப்பறியும் கதை படிக்கிறார்களோ என்று அலுத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். கடிதங்கள் குவிந்தன, பெரும்பாலும் எதிர்ப்பு. நீங்கள் படித்த புத்தகங்கள் சரியில்லை, இன்னின்னதைப் படித்துப் பாருங்கள் என்று பட்டியல் வேறு. அவரும் அவற்றில் சிலவற்றைப் படித்துப் பார்த்து, 1945 ஜனவரியில் இன்னும் கடுமையாக இரண்டாவது கட்டுரை எழுதினார். கடிதம் எழுதியவர்கள் கேட்டது ஒன்று, அவர் பதில் சொன்னது வேறொன்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. புத்தகங்கள் இலக்கியமா இல்லையா என்று அவர் தீர்ப்பளித்துக்கொண்டிருந்தார். அவற்றை வைத்துக்கொண்டு தாங்கள் என்ன செய்கிறோம் என்று வாசகர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வாசகரிடமே போய்க் கேட்பது என்ற முறையை வெகுஜனப் புனைவு ஆய்வில் அழுத்தமாக நிறுவியவர்களில் ஜானிஸ் ராட்வே முக்கியமானவர். 1984இல் வெளிவந்த அவருடைய நூல் காதல் நாவல் வாசகிகளைப் பற்றியது. கதை என்ன சொல்கிறது என்பதைவிட, வாசிக்கிற அந்த ஒரு மணி நேரம் வீட்டில் யாருக்கும் தராமல் தனக்கென்று எடுத்துக்கொண்ட நேரம் என்பதையே அந்தப் பெண்கள் முக்கியமாகச் சொன்னார்கள். நாய்ச் சட்டத்தையும் அப்படி ஒரு தீர்ப்பாக, படிக்க வேண்டிய ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டால் என்ன? அதற்கு முதலில் நாய் இந்தக் கதைக்குள் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். செல்லப்பிராணியாக வரவில்லை.

2

துப்பறிகிறவருக்கு ஆங்கிலத்தில் 'ஸ்லூத்' என்று ஒரு பெயர். தொழிலாகச் செய்யாமல் துப்பறிகிறவர் 'அமெச்சூர் ஸ்லூத்'. இந்த ஸ்லூத் முதலில் மனிதன் இல்லை, நாய். பழைய நார்ஸ் மொழியில் தடம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்தில் தடம் மோந்து ஆளைப் பிடிக்கும் நாய்க்கு 'ஸ்லூத்-ஹவுண்ட்' என்று பெயர். 1375ஐ ஒட்டி ஜான் பார்பர் இயற்றிய காவியத்தில், எதிரிகளிடமிருந்து தப்பியோடும் ராபர்ட் புரூஸைத் துரத்துவது இந்த நாய்தான். அரசன் ஓடை நீரில் இறங்கி நடந்து வாசனையை அறுத்துத் தப்பிக்கிறான். அந்தப் பெயர் மனிதன்மேல் நிலைபெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில். 1872இல் 'ஓல்ட் ஸ்லூத்' என்ற துப்பறிவாளனை நாயகனாக வைத்து மலிவுவிலைத் தொடர்கதை அங்கே தொடங்கிற்று. தமிழில் துப்பறிகிறவர் என்ற சொல்லுக்குள் நாய் கிடையாது. 'மோப்பம் பிடிக்கிறான்' என்று நாம் ஒருவனைச் சொன்னால் அது வசை.

கார்லோ கின்ஸ்பர்க் 1979இல் எழுதிய 'தடயங்கள்' பற்றிய கட்டுரை இங்கே பலரும் அறிந்தது. ஓவியத்தில் காது மடலைப் பார்த்து ஓவியனைக் கண்டுபிடித்த மொரெல்லி, நழுவிய சொல்லைப் பிடித்த ஃபிராய்ட், சிகரெட் சாம்பலைப் பார்த்த ஷெர்லக் ஹோம்ஸ் - மூவரையும் ஒரே அறிதல் முறைக்குள் கொண்டுவந்து, அதன் ஆதி உருவமாக மண்ணில் தடம் வாசித்த வேட்டைக்காரனை நிறுத்தினார். இந்த அறிவு ஆட்சிக் கருவியாக மாறியதையும் அவர் விடவில்லை. கைரேகைப் பதிவு வங்காளத்தில் காலனி அதிகாரியின் கையில் தொடங்கியதைப் பேசுகிறார். நாயின் பின்னால் போனால் அதற்கும் முந்தைய ஒரு தடம் கிடைக்கிறது. அங்கே வேட்டையாடப்படுவது மனிதன்.

1795இல் ஜமைக்காவில் மரூன்கள் - அடிமைத்தளையிலிருந்து தப்பி மலைகளில் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் - பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்தபோது, தீவின் நிர்வாகம் கியூபாவுக்கு ஆளனுப்பி நூற்றுச் சொச்சம் வேட்டை நாய்களையும் அவற்றை நடத்தும் ஆட்களையும் தருவித்தது. நாய்கள் கடிக்க வேண்டியிருக்கவில்லை. வந்திறங்கிய செய்தியே போதுமானதாயிருந்தது. சரணடைந்தவர்கள், அளித்த வாக்கை மீறி, 1796இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். நாய்களை ஏவியது முறையா என்ற கேள்வி லண்டன் பாராளுமன்றம்வரை போனது. 1803இல் பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவும் ஹெய்ட்டி புரட்சியை அடக்கக் கியூபாவிலிருந்து நாய்களை இறக்கினான். அமெரிக்கத் தென்மாநிலங்களில் தப்பியோடிய அடிமைகளைப் பிடிப்பதற்கென்றே நாய் பழக்கி வாடகைக்கு விட்டவர்கள் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். ஸாலமன் நார்த்தப் 1853இல் வெளியிட்ட தன்வரலாற்றில் லூசியானா சதுப்பில் நாய்கள் தன்னைத் துரத்தியதைச் சொல்கிறார். அவரும் நீரில் இறங்கித்தான் தப்பினார். பார்பரின் காவியத்தில் அரசன் செய்ததைத்தான் அடிமையும் செய்தார். அரசனைப் பற்றிக் காவியம் வந்தது.

ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' (1852) நாவலில் எலிசா குழந்தையோடு பனிப்பாளங்களின்மேல் ஆற்றைக் கடக்கும் இடத்தில் நாய்கள் இல்லை. பின்னாளில் ஊர் ஊராகப் போன நாடகக் குழுக்கள்தாம் அங்கே நாய்களைச் சேர்த்தன. அசல் நாய்களையே மேடையில் ஓடவிட்டார்கள். ஜனங்கள் நாயைப் பார்க்க வந்தார்கள். அடிமை வேட்டை சட்டப்படி முடிந்துபோன பிறகு அதே நாய் கேளிக்கையாயிற்று என்பதைக் குறித்துக்கொண்டு மேலே போகலாம்.

3

இதே காலத்தில் இங்கிலாந்தில் நாய் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. விலங்குவதைத் தடுப்புச் சங்கம் 1824இல் தோன்றியது (லண்டனில் குழந்தைகள் வதைத் தடுப்புக்குச் சங்கம் வர 1884 ஆயிற்று). 1859இல் நியூகாசிலில் நாய்க் கண்காட்சி, 1860இல் லண்டனில் அநாதை நாய்களுக்கு இல்லம், 1873இல் கென்னல் கிளப். இனம், வம்சம், பதிவேடு. மனிதனைத் துரத்திய ப்ளட்ஹவுண்ட் கண்காட்சியில் பதக்கம் வாங்கிற்று.

1888இல் இந்த இரண்டு நாய்களும் - வேட்டை நாயும் கண்காட்சி நாயும் - ஒன்றாகின. ஒயிட்சேப்பலில் பெண்கள் வரிசையாகக் கொல்லப்பட்டு, கொலையாளி பிடிபடாத நிலையில், ப்ளட்ஹவுண்டை இறக்குங்கள் என்று பத்திரிகைகளுக்கு வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். ஒரு விதத்தில், துப்பறியும் நாயைப் பற்றிய வாசகர் கருத்துகளின் முதல் தொகுதி இதுதான் என்று சொல்லலாம். போலீஸ் கமிஷனர் சர் சார்லஸ் வாரன் பார்னபி, பர்கோ என்ற இரண்டு உயர்சாதி நாய்களை வரவழைத்து அக்டோபரில் லண்டன் பூங்காக்களில் சோதித்தார். ஓடுகிற ஆளாகத் தானே நடித்தும் பார்த்தார் என்று செய்தி வந்தது; ஊர் சிரித்தது. நவம்பர் 9 அன்று மேரி கெல்லியின் உடல் அறைக்குள் கிடப்பது தெரிந்தும், நாய்கள் வரும் என்ற நம்பிக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கதவைத் திறக்காமல் போலீசார் வெளியே நின்றார்கள். நாய்கள் லண்டனைவிட்டு எப்போதோ போய்விட்டிருந்தன. மோப்ப நாய் சிறிது தூரம் ஓடிச்சென்று நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை என்ற வாக்கியத்தைத் தினசரிகளில் படித்துப் பழகிய நமக்கு இது அப்படியொன்றும் ஆச்சரியமில்லை.

நிஜத்தில் வராத நாய் பதினைந்து மாதம் கழித்துப் புனைவில் வந்து வேலையை முடித்தது. ஆர்தர் கானன் டாயிலின் 'தி சைன் ஆஃப் ஃபோர்' 1890 பிப்ரவரியில் வெளியானது. அதில் டோபி என்றொரு நாய். பாதி ஸ்பானியல், பாதி லர்ச்சர். நீண்ட ரோமம், தொங்கும் காது, நடையில் ஒரு தள்ளாட்டம். வம்சப் பெருமை ஒன்றும் கிடையாது. லண்டன் போலீஸ் முழுவதையும்விட டோபியின் உதவி மேல் என்கிறார் ஹோம்ஸ். கிரியோசோட் என்ற தார் எண்ணெயை மிதித்துவிட்ட ஒரு காலடியைத் தொடர்ந்து லண்டன் தெருக்களில் ஹோம்ஸையும் வாட்சனையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. நடுவில் தடம் மாறி ஒரு கிரியோசோட் பீப்பாயின்மேல் போய் ஏறி, வெற்றிப் பெருமிதத்தோடு இவர்களைப் பார்க்கிறது. சும்மா சொல்லக்கூடாது, டாயில் எழுதிய சிரிப்பான இடங்களில் அது ஒன்று. ஹோம்ஸ் வாசகர்களுக்கு டோபியைத் தலைமுறை தலைமுறையாகப் பிடிக்கும்.

டோபி யாருடைய காலடியை மோந்துகொண்டு போகிறது? அந்தமான் தீவுக்காரன் ஒருவனுடையதை. டோங்கா என்று பெயர். ஹோம்ஸ் ஒரு பூகோள அகராதியை எடுத்து அந்தமான் மக்களைப் பற்றி வாட்சனுக்கு வாசித்துக்காட்டுகிறார்: குரூரமானவர்கள், விகாரமானவர்கள், மனிதனைத் தின்பவர்கள். அத்தனையும் பொய். 1858இல் போர்ட் பிளேயரில் தண்டனைக் குடியேற்றம் அமைத்தது பிரிட்டிஷ் இந்திய அரசு. 1877இல் அங்கே பரவிய தட்டம்மையில் தீவு மக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். நாவல் வெளிவந்தபோது அந்தமான் மக்கள் யாரையும் தின்றுகொண்டிருக்கவில்லை, அழிந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் லண்டனுக்கு வந்து, நாயால் தடம் பிடிக்கப்பட்டு, தேம்ஸ் நதியில் படகின்மேல் நின்றபடி ஹோம்ஸும் வாட்சனும் சுட நீரில் விழுகிறான். உடலை யாரும் தேடவில்லை. அது ஆற்றின் அடிச்சேற்றில் எங்கோ கிடக்கிறது என்று ஒரு வாக்கியம், அவ்வளவுதான். அதற்கு முன்பே டோபியை லாம்பெத்திலிருக்கும் அதன் சொந்தக்காரரிடம் வாட்சன் பத்திரமாகக் கொண்டுபோய் விட்டாயிற்று, கையில் அரை சவரனும் கொடுத்து.

ஸ்லூத்-ஹவுண்டின் பழைய வேலையும் புதிய அந்தஸ்தும் ஒரே பிரதிக்குள் இருப்பது இங்கேதான். நாய் மாறிவிட்டது - அன்புக்குரியதாக, கோமாளியாக, பெயருள்ளதாக. துரத்தப்படுகிறவன் மாறவில்லை. நாய் சாகக் கூடாது என்ற சட்டம் அப்போதே அமலுக்கு வந்துவிட்டது என்றுகூடச் சொல்வேன். யார் செத்தால் கணக்கில்லை என்ற சட்டம் அதற்கு முன்பே இருந்தது.

4

அடுத்த கட்டத்தில் நாயின் மூக்கு தேவையற்றதாகிறது. 1892 டிசம்பரில் 'ஸ்ட்ராண்ட்' இதழில் வந்த 'சில்வர் பிளேஸ்' கதையில் குதிரை லாயத்து நாய் இரவில் குரைக்கவில்லை. வந்தவன் நாய்க்குத் தெரிந்த ஆள் என்று ஹோம்ஸ் அதிலிருந்து ஊகிக்கிறார். டோபி ஓடியது, இந்த நாய் ஒன்றும் செய்யவில்லை. அதற்குப் பெயர்கூட இல்லை. மோப்பம் மனிதனின் தர்க்கத்துக்குள் போய்விட்டது, நாய் சாட்சியாக மட்டும் மிஞ்சுகிறது. இந்தக் கதைக்கு அந்தக் காலத்து வாசகர் ஒருவர் காட்டிய எதிர்வினை ருசிகரமானது. குதிரைப் பந்தய விதிகள் தெரிந்த ஒரு பத்திரிகைக்காரர், கதையில் நடப்பதெல்லாம் நிஜத்தில் நடந்தால் பாதிப்பேர் ஜெயிலிலும் மீதிப்பேர் பந்தயத் திடலுக்கு வெளியிலும் இருப்பார்கள் என்று கிழித்தார். டாயிலே 1924இல் தன் நினைவுக் குறிப்புகளில் இதை ஒப்புக்கொள்கிறார். குதிரையைப் பற்றி எழுதியதெல்லாம் தப்பு. நாயைப் பற்றி எழுதியதை யாரும் மறக்கவில்லை.

ஹோம்ஸ் பக்தர்களிடம் இன்னொரு நாய் விவகாரமும் உண்டு. 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'டில் (1887) ஹோம்ஸோடு ஒரே வீட்டில் குடியேறுமுன் வாட்சன் தன்னிடம் ஒரு புல் நாய்க்குட்டி இருப்பதாகச் சொல்கிறார். அதற்குப் பிறகு அந்தக் குட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. டாயில் மறந்துவிட்டார் என்பது வெளிப்படை. வாசகர்கள் மறக்கவில்லை. குட்டி என்ன ஆயிற்று என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அது நாயே இல்லை, முன்கோபத்தைக் குறிக்கும் ஆங்கிலோ-இந்தியக் கொச்சை என்று சாதித்தவர்களும் உண்டு. நாய்க்குட்டி காணாமல் போவதைவிட அது நாய்க்குட்டியே இல்லை என்பது மனசுக்குத் தேவலாம் போலிருக்கிறது.

'ஹவுண்ட் ஆஃப் த பாஸ்கர்வில்ஸ்' (1901-02) எல்லாருக்கும் தெரிந்த கதை என்பதால் ஒன்று மட்டும். அந்தப் பூத நாய் ப்ளட்ஹவுண்டும் மாஸ்டிஃபும் கலந்தது. அதை வாங்கி, பட்டினி போட்டு, முகத்தில் பாஸ்பரஸ் பூசி மனிதர்மேல் ஏவுகிறவன் மத்திய அமெரிக்காவில் வளர்ந்தவன். கரீபியத்தின் பழைய பயம் டெவன்ஷயர் சதுப்புக்குத் திரும்பி வருகிறது என்று படிக்க இடமிருக்கிறது.

சாட்சி நாயின்மேல் முதலில் சந்தேகம் எழுப்பியவர் செஸ்டர்டன். 1923இல் வந்த 'தி ஆரக்கிள் ஆஃப் த டாக்' கதையில் கடலில் எறிந்த தடியைத் தேடிப் போன நாய் ஊளையிடுகிறது. கொலை நடந்த கணத்தை நாய் உணர்ந்துவிட்டது என்று படித்தவர்களே மெய்சிலிர்க்கிறார்கள். அது ஒருவரைப் பார்த்துக் குரைத்தால் அவர்தான் கொலையாளி என்கிறார்கள். ஃபாதர் பிரௌன் இருந்த இடத்திலிருந்தே சிரிக்கிறார்: நாய் ஊளையிட்டது தடி மிதக்காமல் மூழ்கியதால், மூழ்கியதற்குக் காரணம் அதற்குள் கத்தி இருந்தது. நாயை நாயாகப் பார்த்திருந்தால் விடை அங்கேயே கிடைத்திருக்கும். மதத்தைக் கைவிட்டவர்கள் நாயைக் குறிசொல்லியாக்கிக்கொள்கிறார்கள் என்பது அவர் கட்சி. கத்தோலிக்கப் பிரச்சாரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இந்த வாதம் நிற்கிறது. பின்னால் வந்த எத்தனையோ 'புத்திசாலி நாய்' நாவல்களை வாசகர்கள் நிராகரித்தது இதே காரணத்துக்காகத்தான்: நாய் நாயாக இல்லை.

அமெரிக்கரான எஸ்.எஸ். வான் டைன் 1928இல் துப்பறியும் கதைக்கு இருபது விதிகள் வகுத்தார். இன்று படித்தால் பள்ளிக்கூட அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கும். தேய்ந்துபோன உத்திகள் என்று கடைசி விதியில் அவர் ஒதுக்கியவற்றில் குரைக்காத நாயும் ஒன்று. அதே மனிதர் 1933இல் 'தி கென்னல் மர்டர் கேஸ்' எழுதினார். கொலை நடந்த வீட்டில் அடிபட்டுக் கிடக்கிற ஸ்காட்டிஷ் டெரியர் யாருடையது என்ற கேள்வியில் கதை நகர்கிறது. காரணம் ரகசியமில்லை, அவர் சொந்தமாக ஸ்காட்டிஷ் டெரியர் வளர்த்துவந்தார். சட்டம் போட்டவர் வீட்டிலேயே நாய் புகுந்துவிட்டது. அடுத்த வருஷம் டாஷியல் ஹாமெட்டின் 'தி தின் மேன்' வந்தது. நாவலில் ஷ்னாஸராக இருந்த ஆஸ்டா திரைப்படத்தில் ஃபாக்ஸ் டெரியராகி நட்சத்திரமாயிற்று.

5

அகதா கிறிஸ்டியின் 'டம் விட்னஸ்' (1937) தன் நாய் பீட்டருக்கு அவர் சமர்ப்பணம் செய்த நாவல். பணக்கார முதிய பெண்மணி மாடிப்படியில் விழுகிறாள். படியில் நாய் பாப் விட்டுவிட்டுப் போன பந்துதான் காரணம் என்று வீடே சொல்கிறது. பிறகு அவள் இறந்தும் போகிறாள். அவள் எழுதிய கடிதம் பொய்ரோவுக்குத் தாமதமாக வந்து சேர்கிறது. படியின் மேல்முனையில் கயிறு கட்ட அடித்த ஆணியைக் கண்டுபிடித்து நாயை விடுவிக்கிறார். பொய்ரோ நாவல்களில் இது முதல் வரிசையில் வராது, நடுப்பகுதி இழுவை. ஆனால் கதைசொல்லியான ஹேஸ்டிங்ஸ் பாபின் குரைப்பையெல்லாம் வாக்கியங்களாக மொழிபெயர்த்துத் தருகிற பகுதிகளுக்காக இதைத் திரும்பத் திரும்பப் படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

அந்த வீட்டில் அழுகிறவர்கள் யார் என்று பாருங்கள். உறவுகளுக்கு உயில் வேண்டும். எல்லாரிடமும் காரணம் இருக்கிறது, எல்லாரும் சந்தேகத்துக்குரியவர்கள். சொத்தில் பங்கில்லாதது நாய் ஒன்றுதான். குற்றம் சாட்டப்பட்டதும் அதுதான். கவிஞர் டபிள்யூ.ஹெச். ஆடன் 1948இல் எழுதிய 'தி கில்டி விகரேஜ்' இந்தக் கதைகளின் இறையியலைச் சொன்ன கட்டுரை. கதை நடக்கும் ஊர் ஏதேன் தோட்டம் போலிருக்க வேண்டும், கொலை அதைக் கறைப்படுத்துகிறது, எல்லார்மேலும் குற்றத்தின் நிழல் விழுகிறது, ஒருவன் பிடிபட்டதும் மற்றவர்கள் மறுபடி நிரபராதிகள். அங்கே பிணம் எவ்வளவு பொருத்தமில்லாமல் கிடக்க வேண்டும் என்பதற்கு ஆடன் தேடிப்பிடித்த உவமை: வரவேற்பறைக் கம்பளத்தில் நாய் அசிங்கம் பண்ணிவைத்த மாதிரி. தன்னை இந்தக் கதைகளுக்கு அடிமை என்று சொல்லிக்கொண்ட ஆடனுக்கு நாய் ஏதேனை அழுக்காக்குவது. வாசகர்களின் சட்டப்படி ஏதேனில் மிச்சமிருக்கும் ஒரே நிரபராதி அதுதான். நான் வாசகர்கள் பக்கம்.

அதற்குக் காரணம் இரக்கம் இல்லை. கோஸி நாவலில் மனிதனின் சாவு சாவல்ல, ஒரு கேள்வி. யார், ஏன், எப்படி என்று பதில் கிடைத்ததும் அது தீர்ந்துபோகிறது. நாயின் சாவுக்கு அப்படிப் பதில் கிடையாது. சட்டத்தின் பார்வையில் நாய் உடைமை. அதைக் கொன்றவன்மேல் கொலை வழக்கு வராது, அதற்காகச் சந்தேக நபர்களை யாரும் வரவேற்பறையில் கூட்டிவைக்கப் போவதில்லை. அது வெறும் சாவாகவே கிடக்கும். புதிருக்குள் அசல் சாவு வந்துவிட்டால் புதிர் நாறிவிடும் என்பது வாசகர்களுக்குத் தெரிகிறது. விமர்சகர்கள் சொன்னதைவிடத் துல்லியமாக அந்த வகைமையின் எல்லையை அவர்கள் குறித்திருக்கிறார்கள். டோங்காவின் சாவும் பதிலில்லாத வெறும் சாவுதான் என்பது மட்டும் அந்த எல்லைக்குள் அப்போது தெரியவில்லை.

1989இல் வாஷிங்டனுக்கு அருகே 'மாலிஸ் டொமெஸ்டிக்' என்ற வாசகர் மாநாடு தொடங்கியது. அங்கே கூடுகிற வாசகர்களே வாக்களித்துத் தரும் அகதா விருது ஒரு தேநீர்க் கெண்டி. அந்தச் சூழலில்தான் நாய் நாவல்கள் தொடர் தொடராக வந்தன. சூசன் கோனன்ட்டின் 'எ நியூ லீஷ் ஆன் டெத்' (1990): மாசசூசெட்ஸில் கேம்பிரிட்ஜில் நாய்ப் பயிற்சி வகுப்பில் ஒருவர் கழுத்து நெரிக்கப்பட்டுச் சாகிறார், நாய்ப் பத்திரிகைக்குப் பத்தி எழுதும் ஹோலி வின்டர் விசாரிக்கிறாள், இறந்தவரின் மாலமியூட் நாய் அவளிடம் வந்து சேர்கிறது. லாரியன் பெரன்சனின் 'எ பெடிகிரி டு டை ஃபார்' (1995): பூடில் வளர்த்த மாமா இறந்துகிடக்கிறார், ஒரு பூடிலைக் காணோம். 'டம் விட்னஸ்' முடிவிலும் பாப் துப்பறிந்தவர்களிடம்தான் வருகிறது. சொத்து யாருக்கு என்ற பழைய கேள்விக்குப் பக்கத்தில் இன்னொன்று ஓடிக்கொண்டே இருக்கிறது: இறந்தவரின் நாய் இனி யாரிடம்? எனக்குத் தெரிந்தவரை இந்த நாவல்களில் செத்தவருக்காகத் துக்கம் காக்கிற பாத்திரம் நாய்தான். மற்றவர்களுக்கு விசாரணை இருக்கிறது, வேலை இருக்கிறது.

கோனன்ட் நாவல்களைப் பற்றி வாசகர்கள் இரண்டாகப் பிரிவார்கள். நாய்த் தகவல் ஜாஸ்தி, கொலையை நடு நடுவே தேட வேண்டியிருக்கிறது என்பவர்கள் ஒரு பக்கம்; கொலை கிடக்கட்டும், நாயைப் பற்றிச் சொல்லுங்கள் என்பவர்கள் மறுபக்கம். 'ப்ளட்லைன்ஸ்' (1992) இரண்டாம் கூட்டத்தை நியாயப்படுத்துகிறது. கூண்டுக்குள் பெட்டை நாய்களை ஓயாமல் ஈனவைத்துக் குட்டிகளைக் கடைகளுக்கு அனுப்பும் 'குட்டி ஆலை'களைப் பற்றியது அது. வம்சப் பதிவேடு, 1873இலிருந்து வந்த அதே பதிவேட்டு மோகம், சந்தையோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு கோஸி நாவல் கேட்கிறது. நாய் சாகக் கூடாது என்று சொன்ன அதே வாசகர்கள் இதைச் சகித்துக்கொண்டு படித்தார்கள்.

ப்ளட்ஹவுண்டும் திரும்ப வந்தது. வர்ஜீனியா லானியர் அறுபது வயதுக்கு மேல் எழுதிய முதல் நாவல் 'டெத் இன் ப்ளட்ஹவுண்ட் ரெட்' (1995). தென் ஜார்ஜியாவில் ஓகஃபெனோகி சதுப்பை ஒட்டி ப்ளட்ஹவுண்ட் வளர்த்துப் பழக்கும் பெண் ஜோ பெத் சிடன். காணாமல் போனவர்களையும் தப்பியோடியவர்களையும் தேட ஷெரீஃப் அவளைத்தான் கூப்பிடுகிறார். முதல் நாவலுக்கான ஆன்டனி விருதை 1996இல் வாசகர்கள் அதற்குத் தந்தார்கள். நாய்களை எழுதிய விதத்துக்காக அந்த விருது நியாயமானது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் அதே தென்மாநிலச் சதுப்புகளில் அதே நாய்கள் யாரை மோந்தன என்பது ஒரு வாசகருக்கு ஞாபகம் வரலாம், இன்னொருவருக்கு வராமல் போகலாம்.

அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1992இல், பார்பரா நீலியின் 'பிளான்ச் ஆன் த லாம்' வந்திருந்தது. பிளான்ச் ஒயிட் கறுப்பினப் பெண், வீட்டுவேலை செய்கிறவள். வங்கியில் பணமில்லாமல் காசோலை கொடுத்த குற்றத்துக்குச் சிறை என்று தீர்ப்பானதும் வட கரோலினா நீதிமன்றத்திலிருந்து நழுவி ஓடுகிறாள். ஒரு பணக்கார வெள்ளைக் குடும்பத்தின் வீட்டில் வேலைக்காரியாகப் புகுந்து ஒளிகிறாள். ஷெரீஃபின் ஆட்களிடம் அகப்படாமல் இருக்க வேண்டும். வீட்டில் நடக்கும் கொலையையும் கண்டுபிடிக்க வேண்டும். சமையலறையில் நிற்கிறவளை யாரும் ஆளாகப் பார்ப்பதில்லை என்பதே அவளுடைய துப்பறியும் முறை. தேடப்படுகிறவளே ஸ்லூத். தேநீர்க் கெண்டி கொடுக்கிற அந்த வாசகர்கள்தான் முதல் நாவலுக்கான அகதா விருதை அதற்குக் கொடுத்தார்கள். பிளான்ச் 2000 வரை நான்கு நாவல்களில் வந்தாள். நீலி 2020 மார்ச்சில் காலமானார்.